ஊளையால் புகழ் பெற்ற எருமை

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக்குள் ஒரு காட்டெருமை இருந்தது. காட்டெருமைக்குள் உயிர் மட்டும் இல்லை.

கோடை தொடங்கிய சமயம், தண்ணீர் குடிக்க இறங்கிய எருமை சேற்றில் கால் புதைந்து அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் வயிறு உப்பி மிதந்தது. பிறகு வெடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை, சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்கிறவர்களும் இருப்பார்கள் என்பதால், விட்டுவிடலாம்.

கழுகுகள் வந்தன. அவற்றை அவற்றின் வேலையைப் பார்க்க விட்டிருந்தால் சீக்கிரமே எலும்புதான் மிஞ்சியிருக்கும், கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வனநல ஆராய்ச்சி நிலையம் இருந்தது. காட்டு உயிர்களெல்லாம் நோய்நொடி இல்லாமல் வாழ வழி கண்டுபிடிப்பதற்கென்றே ஏற்பட்ட நிலையம். அது கழுகுகளை விரட்டியது, எருமையைச் சுற்றி முள்வேலி போட்டது, 'ஆய்வு நடக்கிறது, தொடாதீர்' என்று ஒரு பலகையும் நட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடிப்பதற்கு யாதொரு தடையும் இல்லை. குடித்தால்தானே ஆய்வு நடக்கும்!

காட்டின் கீழ்ப்பகுதியில் எல்லாருக்கும் அந்த ஒரு குட்டைதான். மலைமேல் ஒரு சுனை இருந்தது, பளிங்கு மாதிரி தண்ணீர். அது நிலையத்துக்குச் சொந்தம். நோயைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கே நோய் வந்துவிட்டால் அப்புறம் நோயைப் பற்றி யார் யோசிப்பது?

குட்டைக்கு எதிர்ப்புதரில் ஒரு காட்டுப்பன்றி குடியிருந்தாள். பெயர் சிட்டம்மா. ஆள் என்னவோ ஆட்டுக்கல்லைத் தூக்கி நிறுத்தினாற்போல இருப்பாள். சிரித்தால் புதர் குலுங்கும். அவளுடைய குட்டிகளில் மூத்ததுகள் வயிற்றால் போய், போய், எப்படியோ தேறிவிட்டன. கடைக்குட்டி குண்டுமணி மட்டும் தேறவில்லை. பெயருக்கு ஏற்றபடி உருண்டையாய் இருந்த பெண், இப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம் போலக் கிடந்தாள். அம்மா கிழங்கை வாயருகே வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிட்டம்மா வறண்டு கிடந்த ஆற்றின் மணலில் மூக்கால் ஊற்று தோண்டினாள். கசிந்த தண்ணீரைக் குண்டுமணிக்கு மட்டும் கொடுத்தாள். கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் வெயில் ஏற ஏற ஊற்று கீழே கீழே போனது. ஒருநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் மணலில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

அந்த வழியாக மாயாண்டி வந்தான். மாயாண்டி யானை, நிலையத்தில் சுமை தூக்கும் பிரிவு முழுவதும் அவன் ஒருவன்தான்.

"யானையண்ணே, அந்த எருமைய ஒரு இழுப்பு இழுத்து அங்கிட்டுப் போட்டீங்கன்னா கோடிப் புண்ணியம்ண்ணே."

"எனக்கென்ன தாயி, ஒரு கை வேலை. ஆனா உத்தரவில்லாம நான் தும்பிக்கைய நீட்டினேன்னு வையி, அன்னைக்கே என் கரும்பை நிறுத்திருவாக."

"உத்தரவு யாரு தருவாக?"

"மேல இருக்காரே, வரையாட்டு ஐயா. அவருதான் இயக்குநரு. போய்க் கேட்டுப் பாரு. காலைல போயிரு, மத்தியானத்துக்கு மேல அவரு சிந்திப்பாரு."

சிட்டம்மா கிளம்புகிற நேரத்தில் நிலையத்திலிருந்தே ஆள் வந்துவிட்டது. கோசலை என்ற ஆட்காட்டிக் குருவி. நீளக் காலை எட்டி எட்டி வைத்து வந்து புதர் வாசலில் நின்றாள்.

"வணக்கம். இந்த வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா?"

"மகராசியா வந்தீங்க. இந்தா படுத்திருக்கா பாருங்க எம் பொண்ணு."

"பார்க்கக் கூடாது" என்று கோசலை அவசரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். "நீங்கள் சொல்ல வேண்டும், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டால் எனக்கு இரக்கம் வந்துவிடும். அது முடிவுகளைப் பாதிக்கும். சரி, எப்படிப் போகிறது? கஞ்சி போலவா, மோர் போலவா?"

"மோருங்க. அந்த எருமைய எடுத்துட்டா நின்னுபோகும்."

"நீங்கள் தீர்வைச் சொல்கிறீர்கள் அம்மா. நான் கேள்விதான் கொண்டுவந்திருக்கிறேன். போன முறை வந்தபோதும் இப்படித்தான், இந்தப் பகுதியில் எல்லாரும் தீர்வையே சொல்கிறீர்கள். என் வேலை எவ்வளவு கஷ்டமாகிறது தெரியுமா?"

அவள் அடுத்த புதருக்குப் போய்விட்டாள். சிட்டம்மா மூத்ததைக் குட்டிக்குக் காவல் வைத்துவிட்டு மலை ஏறினாள்.

ஏறும்போதே ஊளைச் சத்தம் கேட்டது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்தில் ஓர் ஆய்வு முடிந்தால், செயலர் நரி நல்லசிவம் பாறை விளிம்பில் ஏறி நின்று அதன் தலைப்பை ஊளையிட்டு அறிவிப்பார். சுற்றுக் காடுகளில் உள்ள நிலையங்களின் நரிகள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்ப ஊளையிடும். ஒரு பதில் ஊளைக்கு ஒரு கூழாங்கல். எந்த நிலையத்தின் வாசலில் கல் குவியல் பெரியதோ, அதுதான் தாக்கம் மிகுந்த நிலையம். வெளிக்காட்டு நரிகளில் பாதிப் பேர் நல்லசிவத்தின் மைத்துனர்கள், மீதிப் பேர் சகலைகள் என்று கீழ்ப்பகுதியில் ஒரு பேச்சு உண்டு. அறிவுலகத்தில் உறவு பார்ப்பது தவறா என்ன?

"செத்த எருமை கிடக்கும் நீரில் மணம் பரவும் விதம், ஒரு தொடக்கநிலைப் பார்வை..." என்று இழுத்து ஊளையிட்டார் நல்லசிவம். தூரத்தில் ஏதோ ஒரு மைத்துனர் பதில் கொடுத்தார். ஒரு கல் விழுந்தது.

"ஈயின் நோக்கில் எருமை..." இரண்டு சகலைகள். இரண்டு கல்.

"வயிற்றுப்போக்கும் வாலின் நீளமும், எதிர்பாராத சில தொடர்புகள்..." எட்டுத்திக்கும் அலறியது. கற்கள் சடசடவென்று விழுந்தன. வாசலில் குவியல் சிட்டம்மாவைவிட உயரமாய் நின்றது.

உள்ளே இயக்குநர் முனைவர் மலைக்கொழுந்து பாறை இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வரையாடு. தாடி மட்டும் தனியாகப் படித்துப் பட்டம் வாங்கினதுபோல் அவ்வளவு கம்பீரம். கீழ்ப்பகுதிப் பக்கம் அவர் இறங்கி வந்ததே இல்லை. மேலிருந்து பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும் என்பது அவர் கொள்கை.

"சாமி, குட்டையில கிடக்குற எருமையாலதான் பிள்ளைகளுக்கு வயிறு போகுதுங்க" என்றாள் சிட்டம்மா.

"தெரியுமே" என்றார் அவர், மிகுந்த அன்போடு. "எங்கள் முதல் ஆய்விலேயே அது வந்துவிட்டது. நல்ல வரவேற்பு."

சிட்டம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. "அப்ப எடுத்துரலாங்களே!"

"எடுத்தால்?"

"பிள்ளைகளுக்குச் சரியாயிரும்."

"சரியாகிவிட்டால்?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. சரியாகிவிட்டால் விளையாடும், சண்டை போடும், கிழங்கு கேட்கும், வேறென்ன? அவள் விழிப்பதைப் பார்த்து இயக்குநர் பொறுமையாக விளக்கினார்.

"இதோ பாருங்கள் அம்மா. குடிநீரில் இவ்வளவு பெரிய விலங்கு, இவ்வளவு நிதானமாக அழுகுவது எளிதில் கிடைக்கிற வாய்ப்பல்ல. இதைக் கரையேற்றிவிட்டால் இந்த நிலையத்தின் நிலை என்ன? இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் குட்டிகள் இருக்கின்றன, இல்லையா?"

"எம் பொண்ணு கெடையா கெடக்குறா சாமி."

"அவளை எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? 'கீழ்ப்பகுதி, பன்றி இனம், பெண், கடைசி ஈற்று.' எங்கள் ஆய்வில் வருகிறாளே! நீங்கள் போய்ப் பார்க்காத காடுகளில்கூட அவளைத் தெரியும். ஒரு தாய்க்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?"

"பெருமைய அவ குடிக்க முடியாதுங்களே."

இயக்குநர் தாடியைத் தடவினார். "உங்கள் வருத்தம் புரிகிறது. நாங்கள் சும்மா இல்லை. எருமையை அகற்றலாம் என்று பரிந்துரைத்திருக்கிறோம்."

"யாருகிட்டங்க?"

"பொதுவாக."

அதற்குமேல் என்ன கேட்பது? சிட்டம்மா திரும்பினாள். வாசலைத் தாண்டவில்லை, நல்லசிவம் மூச்சிரைக்க உள்ளே ஓடினார்.

"ஐயா, கெட்ட செய்தி! வடக்குக் காட்டு நிலையத்தின் குளத்தில் ஒரு கழுதை விழுந்து செத்திருக்கிறதாம்!"

"கழுதையா?" இயக்குநரின் குரல் உடைந்தது. "பெரிய கழுதையா?"

"சினைக் கழுதையாம் ஐயா."

சிட்டம்மா வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு நேரம் தன் பெண்ணைப் பற்றிப் பேசியபோது ஒரு முடிகூட அசையாத அந்தத் தாடி, அடுத்த காட்டுக் கழுதைக்கு வெடவெடவென்று ஆடியது.

அவள் பிள்ளை வளர்க்கிறவள். இந்த ஆட்டம் எந்த ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற குட்டி கிழங்கை வாயில் வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் கெஞ்சியும் பயனில்லை, அதட்டியும் பயனில்லை. பக்கத்துப் புதர்க் குட்டியைக் கூப்பிட்டு, 'நீ வாடா ராசா, இவளுக்கு வேண்டாமாம், நீ தின்னு' என்றால் போதும். தட்டு காலியாகிவிடும். தாடி முளைத்தவருக்கு மட்டும் இது பலிக்காமலா போகும்?

அவள் மறுபடி உள்ளே போனாள்.

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அந்த எருமைக்கு ஏன் காவல் போடலை?"

"செத்த எருமைக்குக் காவல் எதற்கு?"

"அதில்லைங்க. நேத்துப் பொழுது சாயுற நேரம், வெளிக்காட்டுக் கழுதைப்புலிக கூட்டமா வந்து குட்டை ஓரமா நின்னு பேசிக்கிட்டிருந்துச்சுக. வடக்கத்திப் பேச்சு. ஒண்ணு சொல்லுது, 'நம்ம கழுதையெல்லாம் எந்த மூலைக்கு, சரக்குன்னா இதுல்ல சரக்கு'ன்னு. இன்னொண்ணு கொம்பை அளந்து பாத்துச்சு. நமக்கெதுக்கு ஊர்வம்புன்னு நான் வாயத் தொறக்கலைங்க."

இயக்குநர் எழுந்துவிட்டார். நல்லசிவத்தின் வால் தானாகக் கால்களுக்கு நடுவே போனது.

"அளந்ததா?"

"கொம்பு நுனியில இருந்து வால் வரைக்கும். 'நாளைக்கு வண்டியோட வருவோம்'னு சொல்லிட்டுப் போச்சுக. சரி, நான் வர்றேங்க. பாவம், இம்புட்டுக் கஷ்டப்பட்டு அழுக வெச்சீங்க."

"நில்லுங்கள் அம்மா! நல்லசிவம், எருமையை இப்போதே மேலே கொண்டுவர வேண்டும்! நிலையத்துக்கு உள்ளேயே வைத்துப் பாதுகாக்க வேண்டும்!"

"ஐயா, குழு கூடி, உட்குழு அமைத்து..."

"குழுவாவது, கூந்தலாவது! மாயாண்டியைக் கூப்பிடும்!"

குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் குழு வேண்டும், உட்குழு வேண்டும், உட்குழு சொன்னது சரியா என்று பார்க்க ஒரு வெளிக்குழு வேண்டும். எருமையைக் காப்பாற்ற ஒரு சத்தம் போதுமாயிருந்தது.

அன்று மாலையே வேலி பிரிந்தது. மாயாண்டி எருமையின் கொம்பில் கொடிக்கயிற்றை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தான். கரையில் நின்ற கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. கீழ்ப்பகுதி மக்களுக்கு ஆராய்ச்சியின்மேல் இவ்வளவு பற்றா என்று நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றத்தாலும் கலங்கியிருக்கலாம்.

சிட்டம்மா கரையோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். "செயலரய்யா, அந்தா ஒரு குடல் மிதக்குது பாருங்க. விட்டுட்டுப் போனா வடக்கத்தியான் அதை வெச்சே பேரு வாங்கிருவான்."

"குடலையும் எடும்!" என்றார் நல்லசிவம்.

"தண்ணியிலயும் ஊறியிருக்குமேங்க. ஆராய்ச்சியில பாதி தண்ணியிலதான நிக்குது?"

"தண்ணீரையும் எடும்!"

"சேறு?"

"சேறு, பாசி, எல்லாம்!"

மாயாண்டி தும்பிக்கையால் உறிஞ்சி உறிஞ்சி மேலே கொண்டுபோய் ஊற்றினான். போகிற வழியில் சிட்டம்மாவின் பக்கம் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினான். நிலையத்தில் இடம் போதவில்லை. எருமை சுனைக்கு மேலே இருந்த மேடையில் ஏறியது, பூமாலை விழுந்தது. தண்ணீரையும் சேற்றையும் அதற்குப் பக்கத்திலேயே குழி வெட்டிக் கொட்டினார்கள். மேட்டில் கொட்டினால் பள்ளத்துக்கு வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். அதைப் பற்றி ஓர் ஆய்வே இருந்தது. ஊளையும் கிடைத்திருந்தது.

சேறு போனதும் குட்டையின் அடியில் அடைபட்டுக் கிடந்த ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. சிட்டம்மா குண்டுமணியை மூக்கால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து குடிக்க வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாய்ப் போக்கு நின்றது. ஒரு காலையில் புதருக்குள் ஒரே கூச்சல். என்னவென்று ஓடிப்போய்ப் பார்த்தால், குண்டுமணி அக்காவின் காதைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என் கிழங்கைத் தின்னுட்டாம்மா இவ!"

சிட்டம்மா சிரித்த சிரிப்பில் புதரில் இருந்த குருவிகளெல்லாம் பறந்தன.

கோசலை வந்தாள்.

"வயிற்றுப்போக்கு உண்டா?"

"இல்லைங்க."

"ஏன் இல்லை?" என்றாள் கோசலை கோபமாக. "அடுத்த புதரிலும் இல்லை என்கிறார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டு இப்படிச் செய்தால் நான் மேலே போய் என்ன சொல்வது?"

நிலையத்தில் இரண்டு பொழுது இழவு வீடு மாதிரி இருந்தது. ஆனால் நல்லசிவம் சும்மா செயலர் ஆகவில்லை. "ஐயா, நாம் எவ்வளவோ காலமாக வயிற்றுப்போக்கைப் பற்றி ஊளையிட்டு வருகிறோம். இப்போது வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. இதற்கு என்ன பொருள்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "தாக்கம்!"

'தொடர்ந்து ஊளையிடுவதால் வயிற்றுப்போக்கு நிற்கிறது' என்று அன்றே அறிவிப்பு போனது. காடெல்லாம் அதிர்ந்தது. அவ்வளவு கல் அதற்கு முன் எந்த வாசலிலும் விழுந்ததில்லை. வடக்குக் காட்டு நிலையம் தன் குளத்துக் கழுதையைக் கரையேற்றலாமா என்று அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்ததாம். இந்த முடிவைக் கேட்டதும் கழுதையைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குளக்கரையில் காலையும் மாலையும் நரிகளை நிறுத்தி ஊளையிட ஏற்பாடு செய்தது. மற்றக் காடுகளும் அப்படியே செய்தன. இப்படியாக நிலையத்தின் தாக்கம் காடு காடாகப் பரவியது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், குட்டைக்கரையில் யாரோ தள்ளாடி வருவது தெரிந்தது. சிட்டம்மா எட்டிப் பார்த்தாள். முனைவர் மலைக்கொழுந்து! முதல் முறையாகக் கீழே இறங்கியிருக்கிறார். தாடி சிக்குப் பிடித்து, கண் குழி விழுந்து, வழியில் புதர் புதராக ஒதுங்கி ஒதுங்கி வந்து சேர்ந்தார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணீர்..."

"வாங்க சாமி. என்ன, வயிறு சரியில்லையா?"

"நிலையத்தில் எல்லாருக்குமே. நல்லசிவத்துக்கு ஊளையிட எழுந்திருக்கக்கூட முடியவில்லை."

"எப்படிப் போகுது? கஞ்சி மாதிரியா, மோர் மாதிரியா?"

"மோர்" என்றார் இயக்குநர், தரையைப் பார்த்து.

சிட்டம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தண்ணீர் கேட்டு வந்தவரை நிற்க வைப்பாளா? நல்ல தெளிவான பக்கமாகப் பார்த்துக் குடிக்கவிட்டாள்.

"அந்த எருமைய எடுத்துப் பொதைச்சுர வேண்டியதுதான சாமி?"

"அகற்றலாம் என்று பரிந்துரைத்திருக்கிறோம்."

"யாருகிட்டங்க?"

"பொதுவாக" என்றார் அவர்.

வயிறு நிறையக் குடித்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் தலை நிமிர்ந்தது. குட்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தார். பழைய வெளிச்சம் கண்ணில் ஏறியது.

"இந்தத் தண்ணீர் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? இதை ஆராய வேண்டும். சுற்றி ஒரு வேலி போட்டு, உள்ளே எதையாவது போட்டுப் பார்த்தால்..."

குண்டுமணி அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டாள். சிட்டம்மா ஒரு கொட்டாவி விட்டாள்.

"வடக்குக் காட்டுக்காரங்ககூட வந்து பாத்தாங்க சாமி. 'இதுல ஒண்ணுமே இல்லை, ஒரு ஊளை தேறாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"அப்படியா?" என்றார் இயக்குநர். கண்ணில் ஏறிய வெளிச்சம் இறங்கிவிட்டது. குட்டையை அதற்குமேல் திரும்பியும் பார்க்காமல், அடுத்த புதரைத் தேடி அவசரமாக நடந்தார்.

நீதி: நாறுகிற பொருளை எடுத்துத் தொலையுங்கள் என்று அறிஞர்களிடம் அழாதீர்கள். அதை அடுத்த ஊர்க்காரன் திருடப் பார்க்கிறான் என்று சொல்லுங்கள், தலையில் சுமந்துகொண்டு போவார்கள்.